பெஞ்சின் மறுமுனை

ஜூன் 14

அன்புள்ள பெரியம்மாவுக்கு,

நான் நலம். அம்மா நலம். என் போன் மட்டும் நலமில்லை. அம்மாவின் அலமாரியில், துணிகளுக்கு அடியில் ஆயுள் தண்டனை அனுபவிக்கிறது. அதனால்தான் இந்தக் காகிதமும் கோழிக் கிறுக்கலும். உங்கள் முட்டிவலி எப்படி இருக்கிறது?

நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். அம்மா சொல்லும் கதையில் நான் வில்லி. என் கதையில் நான் கதாநாயகி. எங்கள் பள்ளியின் ஆசிரியர் அறைக் கதவில் ஓர் அறிவிப்பு ஒட்டினேன். ‘இன்று முதல் ஆசிரியர்கள் நாற்காலியில் முதுகைச் சாய்ப்பது ஒழுங்கல்ல. இப்படிக்கு, மேலிடம்.’ அவ்வளவுதான். மேலிடம் என்றால் எந்த இடம், மாடியா ஆகாயமா என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை. இரண்டு நாள் எல்லோரும் நட்டு வைத்த குச்சி மாதிரி உட்கார்ந்திருந்தார்கள். கணக்கு சார் தைலம் தேய்த்துக்கொண்டு வந்தார். தலைமை ஆசிரியை ஸ்கேல் சிஸ்டரும் அப்படித்தான் உட்கார்ந்தார். (அடிக்க மாட்டார். ஆனால் மர ஸ்கேல் இல்லாமல் நடக்கவும் மாட்டார்.) மூன்றாம் நாள் ‘ஒழுங்கு’ என்ற சொல்லில் இருந்த ‘ழ’ என்னைக் காட்டிக்கொடுத்துவிட்டது. என் ‘ழ’வுக்கு என்னைப் போலவே வால் நீளம்.

சிஸ்டர் இழுப்பறையைத் திறந்தார். உள்ளே என் டி.சி., பெயரெல்லாம் நிரப்பி, கையெழுத்துக்குக் காத்திருந்தது.

“பள்ளிக்குப் பவள விழா வருது. மலர்ல போட பள்ளியோட வரலாறு வேணும். ஆறு பக்கம். அச்சுக்குப் போற மாதிரி எழுதிக் குடுத்தா அடுத்த வருஷமும் நீ இங்க. இல்லன்னா இது.”

“வரலாறுன்னாலே எனக்கு வரல சிஸ்டர், ஆறு பக்கம் எப்படி வரும்?”

ஸ்கேல் மேசையைத் தட்டியது. ஒரே தட்டுத்தான்.

பழைய மலர் ஒன்றைக் கொடுத்திருக்கிறார்கள். அதில் பங்குத்தந்தையர் எல்லோரும் வரிசையாக அரும்பாடுபடுகிறார்கள். ஒருவராவது சும்மா பாடுபட்டிருக்கக் கூடாதா? பிள்ளைகள்தான் ஒருவரும் இல்லை. நீங்கள் அங்கே ஐந்தாம் வகுப்பு வரை படித்தீர்களாமே? ஞாபகம் இருப்பதையெல்லாம் அனுப்புங்கள். என் எதிர்காலம் உங்கள் இறந்தகாலத்தில் இருக்கிறது.

உங்கள் அன்பு மகள்,
வாலு


ஜூலை 3

என் வால் நட்சத்திரத்துக்கு,

முட்டி வலிக்கிறது, ஆனால் என்னோடுதான் இருக்கிறது. விமான நிலையத்தில் நான் வேலை பார்க்கும் அறையில், சொந்தக்காரரைப் பிரிந்த பெட்டிகள் கூரைவரை அடுக்கிக் கிடக்கின்றன. அவற்றைப் பார்த்துப் பார்த்து, கூட இருப்பது எதுவானாலும் சரி என்று ஆகிவிட்டது எனக்கு. உன் அம்மாவை இருமலுக்குத் தைலம் தேய்த்துக்கொண்டு தூங்கச் சொல்.

எங்கள் காலத்தில் பள்ளிக்கூடம் என்று தனிக் கட்டடம் கிடையாது. பங்குக் கோயில்தான் பள்ளி. ஐந்து வகுப்பும் கோயிலுக்குள்ளேயே. பீடத்துக்கு நேர் எதிரே, வாசலுக்குப் பக்கத்துச் சுவரில் ஒரே ஒரு கரும்பலகை. அதைச் சுண்ணக்கோடு போட்டு ஐந்து பட்டையாகப் பிரித்திருந்தார்கள். ஒன்றாம் வகுப்புக்கு அடிப்பட்டை, ஐந்தாம் வகுப்புக்கு உச்சிப்பட்டை, பிள்ளைகளின் உயரத்துக்குத் தக்கபடி. ஒன்றாம் வகுப்பு ‘ஆடு, ஆடு’ என்று கத்தும்போதுதான் நாங்கள் வாய்ப்பாடு சொல்வோம். இன்றும் ஏழெட்டு எத்தனை என்று யாராவது கேட்டால், என் வாயில் முதலில் வருவது ஆடு.

பெஞ்சுகளில் ஒரு தந்திரம் இருந்தது. சாய்மானப் பலகை இரும்பு ஆணியில் ஆடும். தூக்கித் தள்ளினால் மறுபக்கம் போய் விழும். பெஞ்சு இருந்த இடத்திலேயே இருக்கும், உட்காருகிறவர் மட்டும் திசை மாறிவிடுவார். திங்கட்கிழமை காலையில் கரும்பலகையைப் பார்க்கத் திருப்புவோம், வெள்ளிக்கிழமை சாயங்காலம் பீடத்தைப் பார்க்கத் திருப்புவோம். ஐந்தாம் வகுப்பின் வேலை அது.

ஒருமுறை ஆயர் (பிஷப்) வந்தார். அடுத்த வருடம் கட்டடம் வந்தது. ஆறு பக்கத்துக்கு இது போதும்.

ஒழுங்காக எழுதி ஒழுங்காகப் படி,
பெரியம்மா


ஜூலை 18

பாசமுள்ள பெரியம்மாவுக்கு,

அம்மாவுக்கு இருமல் போய்விட்டது. என்னைத் திட்டுவதற்குக் குரல் தெளிவாகிவிட்டது. நீங்கள் சாப்பிட்டுத் தூங்கினீர்களா என்று தினமும் கேட்கிறாள்.

‘ஆயர் வந்தார், கட்டடம் வந்தது’ என்று இரண்டு வரியில் முடித்துவிட்டீர்களே! பங்குப் பாடகர் குழுவில் முப்பது வருஷம் ஆர்மோனியம் வாசித்த தாத்தாவைப் போய்ப் பார்த்தேன். அவர் சொன்னதைக் கேட்டுச் சிரித்து என் வயிறு இன்னும் வலிக்கிறது.

“ஆயர் வர்ற ஞாயித்துக்கிழமை. உள்ள போய்ப் பாத்தா, பெஞ்சு பூரா பீடத்துக்கு முதுகக் காட்டிட்டு நிக்குது.”

“திருப்பிப் போட வேண்டியதுதானே தாத்தா?”

“யாரு திருப்புறது? உத்தரவு இல்லாமலா? அப்பதான் பூசையில ஒண்ணொண்ணா மாத்திட்டு வந்தாங்க. லத்தீன எடுத்துட்டுத் தமிழ வெச்சாங்க. சாமியாரையே ஜனங்க பக்கம் திருப்பினாங்க. சரி, இப்ப நம்மளத் திருப்புற முறை போலன்னு உக்காந்துட்டோம்.”

பெரியம்மா, ஊரே உட்கார்ந்துவிட்டதாம்! பங்குத்தந்தை வந்து பார்த்து, ஆயரின் செயலாளர் செய்த ஏற்பாடு என்று நினைத்து வாயைத் திறக்கவில்லை. ஆயர் வந்து பார்த்து, இது இந்தப் பங்கின் வழக்கம் போல, மனத்தைப் புண்படுத்தக் கூடாது என்று பீடத்தை விட்டு இறங்கி, நடுவில் நடந்து, கரும்பலகைக்கு முன்னால் வந்து நின்றாராம். பிரசங்கத்துக்கு வாயைத் திறந்தவர் பலகையைப் பார்த்தார். அடியிலிருந்து உச்சிவரை படித்தார்.

“ஒரே பலகையில ஏன் இத்தனை பாடம்?” என்று கேட்டாராம்.

முன் பெஞ்சில் ஒன்றாம் வகுப்பு வாண்டு ஒன்று எழுந்து, “வேற பலகை மாட்ட எங்களுக்குச் செவுரு இல்லீங்க” என்றதாம். அந்த வாண்டு யார் தெரியுமா? உங்கள் தங்கை. என் அம்மா! இந்த வாயை வைத்துக்கொண்டுதான் என்னை ‘வாயாடி’ என்கிறாள்.

ஆயர் பலகைப் பக்கம் திரும்பினார். பிறகு சுண்ணக்கட்டியை எடுத்து, நாலாம் வகுப்பின் பாதிக் கணக்கை முடித்தார். தப்பாக முடித்தார். நாலாம் வகுப்பே சிரித்துவிட்டது. அன்றைக்கே கட்டடத்துக்கு வாக்குக் கொடுத்தாராம்.

பழைய மலரில் இதெல்லாம் ‘ஆயரின் அருட்பார்வை’ என்ற இரண்டே சொல்லில் இருக்கிறது. பார்வை திரும்பியது சரி. பெஞ்சைத் திருப்பியது யார்? வெள்ளிக்கிழமை திருப்பிய பெஞ்சு தானாகத் திரும்பாது. ஐந்தாம் வகுப்பின் வேலை என்று எழுதியது நீங்கள்தான். அந்த வருஷம் நீங்கள் ஐந்தாம் வகுப்பு.

பதிலுக்குப் பல்லைக் காட்டிக் காத்திருக்கும்,
வாலு


ஆகஸ்ட் 12

என் கண்ணே,

நலம். இங்கே மழை. சிவப்புப் பெட்டி ஒன்று மூன்று நாடு சுற்றிவிட்டு வந்து சேர்ந்தது. உள்ளே செருப்பு, ஒரு காலுக்கு மட்டும். அதன் சொந்தக்காரர் வந்து கட்டிப்பிடித்து அழுதார். பெட்டியைத்தான், என்னை அல்ல.

பள்ளி வரலாற்றில் நல்லதை மட்டும் எழுது. ஆர்மோனியம் அண்ணன் எப்போதும் ஒரு சுதி ஏற்றித்தான் வாசிப்பார்.

குளிரில் போர்த்திக்கொள்,
பெரியம்மா


ஆகஸ்ட் 27

அன்புள்ள, ஆனால் அழுத்தமான பெரியம்மாவுக்கு,

இங்கே எல்லோரும் நலம். அங்கே மழை நலம் என்று தெரிந்துகொண்டேன்.

பள்ளிச் சாமான் அறைக்குள் புகுந்தேன். உடைந்த மேசைகளுக்கும் சுருட்டிய வரைபடங்களுக்கும் பின்னால் அந்தப் பழைய பெஞ்சு ஒன்று இருக்கிறது. கடைசிப் பெஞ்சு! நானும் கடைசிப் பெஞ்சுதான், உடனே உறவாகிவிட்டோம். சாய்மானத்தைத் திருப்பிப் பார்த்தேன். அசையவில்லை. ஒரு முனையைத் தூக்கினால் மறுமுனை ஆணியில் மாட்டிக்கொள்கிறது. இரண்டு முனையையும் ஒரே நேரத்தில் தூக்க வேண்டும். ஓர் ஆளால் முடியாது, பெரியம்மா. இரண்டு பேர் வேண்டும்.

வீட்டுக்கு வந்து, பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த அம்மாவிடம் மெதுவாகப் பேச்சுக் கொடுத்தேன்.

“பெரியம்மா ஏன் அஞ்சாவதோட நம்ம பள்ளியை விட்டாங்க?”

“நல்லாப் படிக்கணும்னு வெளியூர் விடுதிக்கு அனுப்பினாங்க.”

“அவங்களே போறேன்னாங்களா?”

“டி.சி.யோட வந்து நின்னப்போ அவ ஒரு சொட்டுக் கண்ணீர் விடல. நான்தான் அழுதேன்.” சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டாள். அப்புறம் பத்து நிமிஷம் ஒரே தட்டையே கழுவினாள்.

ஆக, உங்களுக்கும் டி.சி. நான் பிறக்கும் முன்பே என் வழியில் நீங்கள் நடந்துவிட்டீர்கள்!

இன்னொன்று. உங்கள் வலது கட்டைவிரல் நகம் ஏன் கோணல் என்று கேட்டேன். “பெஞ்சுல நசுங்கினது” என்றாள். வலது முனையில் நின்றவருக்கு வலது கட்டைவிரல் என்றால், இடது முனையில் நின்றவருக்கு இடது கட்டைவிரல் இல்லையா? கோணலான இடது கட்டைவிரல் நகத்தை நான் தினமும் பார்க்கிறேன், பெரியம்மா. அது ஒரு மர ஸ்கேலைப் பிடித்துக்கொண்டிருக்கும்.

ஆம், இல்லை. இரண்டில் ஒன்றைச் சொல்லுங்கள்.

துப்பறியும்,
வாலு


அக்டோபர் 2

பெரியம்மாவுக்கு,

நலமா? உண்மையாகவே கேட்கிறேன். தபால்காரர் எங்கள் வாசலைத் தாண்டும்போது வேகமாக மிதிக்கிறார். நான் வழிமறிப்பேன் என்று பயம்.

ஆறு பக்கமும் எழுதிக் கொடுத்தேன். பெஞ்சு திரும்பிய கதை முழுவதும், அதைத் திருப்பிய பெண் யார், அதற்காக அவர் எப்படி வெளியே அனுப்பப்பட்டார், எல்லாம். ஸ்கேல் சிஸ்டர் நின்றபடியே படித்தார். மூன்றாம் பக்கத்தில் ஸ்கேலை வைத்து, சிவப்பு மையால் குறுக்கே ஒரு கோடு போட்டார். கோடு நேராக வரவில்லை. ஸ்கேல் இருந்தும்!

“இந்தப் பத்தி வேண்டாம்.”

“ஏன் சிஸ்டர்? பொய்யா?”

“நான் பொய்னு சொல்லல. வேண்டாம்னு சொன்னேன்.”

“இது இல்லன்னா அந்தக் கட்டடம் எப்படி வந்துச்சு? அருட்பார்வை சிமென்ட் குழைச்சுதா?”

“மாசக் கடைசி வரைக்கும் டைம். பத்தி போகணும், இல்லன்னா நீ போகணும்.”

என் பெயரை வெட்டினாலும் வெட்டட்டும். உங்கள் பெயரை நான் வெட்ட மாட்டேன். பழைய மலரில் பிள்ளைகளே இல்லை என்று கிண்டல் செய்துவிட்டு, நானும் பிள்ளைகள் இல்லாத வரலாற்றையா எழுதுவது?

உங்கள் மௌனம் எனக்குப் பதில் மாதிரிதான் கேட்கிறது. இருந்தாலும் எழுதுங்கள்.

வால் சுருட்டாத,
வாலு


அக்டோபர் 17

என் செல்லத்துக்கு,

நலம். எழுதாததற்குக் காரணம் மழை இல்லை.

நான்தான் திருப்பினேன். விளையாட்டுக்குத்தான். ஆயர் வருவார், பார்ப்பார், கட்டித் தருவார் என்றெல்லாம் கணக்குப் போடவில்லை. ஊரே திரும்பி உட்கார்ந்தால் எப்படி இருக்கும் என்று பார்க்க ஆசை, அவ்வளவே. வரலாறு எப்போதும் பின்னால்தான் புத்திசாலியாகிறது.

அஸ்திவாரத்துக்குக் கல் இறங்கிய பிறகு, பங்குத்தந்தை ஆயரைச் சந்தித்தபோது, ‘உங்கள் ஏற்பாடு பிரமாதம்’ என்றிருக்கிறார். ஆயர், ‘உங்கள் வழக்கம்தான் பிரமாதம்’ என்றிருக்கிறார். இருவரும் முழித்திருக்கிறார்கள். மறுநாள் ஐந்தாம் வகுப்பை வரிசையில் நிறுத்திக் கேட்டார் பெரிய வாத்தியார். நான் கை தூக்கினேன். “கூட யாரு?” என்றார். “நான் மட்டும்தான்” என்றேன். தனியாளால் முடியாது என்று அவருக்கும் தெரியும். ஆனாலும் ஒருத்தியை அனுப்பினால் கணக்கு முடிந்தது அவருக்கு.

மறுமுனையில் நின்றவள் பெயரை அன்றும் சொல்லவில்லை, இன்றும் சொல்ல மாட்டேன். இவ்வளவு மட்டும் தெரிந்துகொள். எனக்குப் போக வீடு இருந்தது. அவளுக்குச் சிஸ்டர்கள் நடத்திய அநாதைப் பிள்ளைகள் இல்லம்தான் வீடு. டி.சி. கிடைத்தால் அவள் எந்த வாசலில் போய் நிற்பாள்? இதில் தியாகம் ஒன்றும் இல்லை. பெஞ்சைத் தூக்கும்போது எந்தப் பக்கம் கனம் அதிகமோ, அந்தப் பக்கம் பலசாலி நிற்பாள். அவ்வளவுதான்.

நான் வெளியூர் போனேன், படித்தேன், உலகம் சுற்றினேன், நன்றாகத்தான் இருக்கிறேன். ஆகவே அந்தப் பத்தியை எடுத்துவிடு. நம் குடும்பத்துக்கு ஒரு டி.சி. போதும்.

முத்தங்களுடன்,
பெரியம்மா


நவம்பர் 4

என் பலசாலிப் பெரியம்மாவுக்கு,

உங்கள் கடிதத்தை அம்மா என் கையிலிருந்து வாங்கிப் படித்தாள். படித்துவிட்டு என் போனைக் கொண்டுவந்து கையில் கொடுத்தாள். ஆனாலும் கடிதம்தான் எழுதுவேன். போனில் கேட்டால் நீங்கள் பேச்சை மாற்றிவிடுவீர்கள்.

உங்கள் பேச்சைக் கேட்கவில்லை. பத்தியை எடுக்கவில்லை. ஒரே ஒரு வரியைச் சேர்த்தேன்: ‘பெஞ்சுக்கு இரண்டு முனை. மறுமுனையில் நின்றவர் பெயரை முதலாமவர் இன்றுவரை சொல்லவில்லை. அதனால் இந்த வரலாறும் சொல்லாது.’ அதைக் கொண்டுபோய் மேசையில் வைத்துவிட்டு, டி.சி. வாங்கக் கையை நீட்டிக்கொண்டு நின்றேன். இன்னொரு கையால் மேசை விளிம்பை இறுகப் பிடித்துக்கொண்டேன். அதை மட்டும் யாரிடமும் சொல்லாதீர்கள்.

சிஸ்டர் படித்தார். திரும்ப அதே பக்கத்தைப் படித்தார். ஸ்கேலைக் கீழே வைத்தார். அவர் கையில் ஸ்கேல் இல்லாமல் நான் பார்த்தது அன்றுதான்.

“இன்னைக்கு வரைக்குமா?” என்றார்.

“இன்னைக்கு வரைக்கும் சிஸ்டர். நானும் கெஞ்சிப் பாத்துட்டேன்.”

இடது கட்டைவிரலைத் தடவிக்கொண்டே ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். வெளியே சின்ன வகுப்புகள் ஆடு, ஆடு என்று கத்திக்கொண்டிருந்தன. அதைக் கேட்டு அவர் தோள் குலுங்கியது. சிரித்தாரா, அழுதாரா என்று முதுகைப் பார்த்துச் சொல்ல எனக்குத் தெரியவில்லை.

“அவ விலாசம் இருக்கா உங்கிட்ட?”

கொடுத்துவிட்டேன். திட்டுவதென்றால் திட்டுங்கள்.

டி.சி. இன்னும் கைக்கு வராத,
வாலு


நவம்பர் 5

அடி ஏழெட்டு ஆடே,

நலமாக இருக்கிறாயா என்று கேட்க எனக்கு வாய் இல்லை; ஆனாலும் கேட்கிறேன்.

அன்று வரிசையில் உனக்குப் பக்கத்தில்தான் நின்றேன். என் கை பாதிவரை எழுந்தது. நீ அதைப் பிடித்துக் கீழே இழுத்துவிட்டு உன் கையைத் தூக்கினாய். நீ போன பிறகும் அந்தக் கை அங்கேயே கிடந்தது. இத்தனை வருஷத்தில் எத்தனையோ டி.சி. எழுதியிருக்கிறேன், ஆனால் குறும்புக்காக ஒரு பிள்ளையைக்கூட நான் வெளியே அனுப்பியதில்லை. உன் தங்கை மகளைப் பயமுறுத்தினேன், அவ்வளவுதான். அவள் பயப்படவில்லை. யார் வளர்ப்பு!

பத்தியை அடித்தது உன்னை மறைக்க அல்ல. என்னை.

பவள விழா ஜனவரியில். பழைய பெஞ்சு ஒன்று மிச்சம் இருக்கிறது. ஒரு முனையை நான் பிடித்துக்கொள்கிறேன். மறுமுனையில் ஆள் இல்லை. வா.

இடதுகை


நவம்பர் 21

அடி இடதுகை,

நலம். விடுப்புக் கிடைத்துவிட்டது. டிக்கெட்டும் எடுத்துவிட்டேன். பெட்டி தொலைந்தாலும் நான் வந்து சேருவேன்.

கை கீழேயே இருந்தது என்கிறாய். அந்தக் கையால்தானே இத்தனை பிள்ளைகளுக்கு எழுத்துச் சொல்லிக்கொடுத்தாய்? நான் அதை வீணாகவா கீழே இழுத்தேன்?

கட்டைவிரல் பத்திரம்.

வலதுகை


ஜனவரி 29

என் அருமைப் பெரியம்மாவுக்கு,

பத்திரமாகப் போய்ச் சேர்ந்தீர்களா? உங்கள் பெட்டியும் வந்து சேர்ந்ததா? வராவிட்டால் உங்களிடமே புகார் கொடுத்துக்கொள்ளுங்கள். அம்மா இன்னும் உங்கள் படுக்கையை எடுக்கவில்லை.

விழாவை நீங்கள் விருந்தினர் வரிசையிலிருந்து பார்த்தீர்கள். நான் கூட்டத்திலிருந்து பார்த்ததை எழுதாவிட்டால் எனக்குத் தூக்கம் வராது.

முதலில் ஒன்றைப் பதிவு செய்கிறேன். அது நான் இல்லை! காலையில் மண்டபத்துக்குள் நுழைந்தபோதே நாற்காலிகள் அத்தனையும் மேடைக்கு முதுகைக் காட்டி, பின்சுவரைப் பார்த்து நின்றன. பின்சுவரில் அந்தப் பழைய கரும்பலகை, ஐந்து பட்டையோடு. அதன் முன்னால் அந்தப் பெஞ்சு. எதிரில் வந்த ஒவ்வொருவரும் என்னையே முறைத்தார்கள். கணக்கு சார் காதைப் பிடித்தேவிட்டார். வாழ்க்கையில் முதன்முறையாக நிரபராதியாக இருந்தேன், ஒருவரும் நம்பவில்லை!

அப்புறம் பார்த்தால், ஜனங்கள் வரிசையாக வந்து, பின்சுவரைப் பார்த்தபடியே உட்கார்ந்துவிட்டார்கள். ஒருவராவது நாற்காலியைத் திருப்ப வேண்டுமே! “பவள விழாவுக்குப் புது ஏற்பாடு போல” என்றார் ஒருவர். ஆர்மோனியம் தாத்தா மட்டும் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். புது ஆயர் வந்தார், நின்றார், பார்த்தார். ஒன்றும் கேட்காமல் விறுவிறுவென்று நடந்து கரும்பலகைப் பக்கம் வந்துவிட்டார். இத்தனை வருஷத்தில் யாரும் திருந்தவில்லை, பெரியம்மா. நல்லவேளை.

அப்போதுதான் சிஸ்டரின் இடது கட்டைவிரலில் புதுப் பிளாஸ்திரியைப் பார்த்தேன். நீங்கள் வலது கையை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டதையும் பார்த்தேன். மடக்கு நாற்காலியைத் திருப்பும்போது விரலைக் கொடுக்கக் கூடாது என்று அந்த வயதில் உங்களுக்கு யார் சொல்லித்தருவது?

சிஸ்டர் என் ஆறு பக்கத்தையும் வாசித்தார். மூன்றாம் பக்கம் வந்ததும் நிறுத்தினார். ‘இந்த வரலாறும் சொல்லாது’ என்று வாசித்துவிட்டு, காகிதத்தை மடித்தார். “வரலாறு சொல்லாது. நான் சொல்றேன். மறுமுனை நான்தான்” என்றார். நீங்கள் எழுந்துபோய் பெஞ்சின் வலது முனையைப் பிடித்தீர்கள். “ஒண்ணு, ரெண்டு” என்று சொன்னது நீங்களா, அவரா? மூன்று சொல்லாமலே பலகை எழும்பி மறுபக்கம் விழுந்தது. அந்தச் சத்தம்! அதற்குக் கிளம்பிய கைதட்டலில் கூரையிலிருந்து புறாவெல்லாம் பறந்ததை நீங்கள் பார்த்திருக்க முடியாது. நீங்கள் இருவரும் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றீர்கள். அம்மா நாற்காலிமேல் ஏறி, “செவுரு இருக்குங்க! இப்ப செவுரு இருக்குங்க!” என்று கத்தினாள். நான் எங்கே போய் முகத்தை வைத்துக்கொள்வது?

மலர் அச்சாகி வந்துவிட்டது. மூன்றாம் பக்கத்தில் சிவப்புக் கோடு இல்லை. இரண்டு பெயர்கள் இருக்கின்றன. ஒரு பிரதி இத்துடன்.

டி.சி.யும் கைக்கு வந்துவிட்டது. பயப்படாதீர்கள். ‘பள்ளியை விட்டு விலகும் காரணம்’ என்ற இடத்தில் சிஸ்டர் தன் கையால் எழுதியிருக்கிறார்: ‘விலகவில்லை. விலகவும் விடமாட்டோம்.’ சட்டம் போட்டு மாட்டப் போகிறேன்.

மண்டபத்து நாற்காலிகள் இன்னும் பின்சுவரைத்தான் பார்த்துக்கொண்டிருக்கின்றன. ஒருவரும் தொடவில்லை, மேலிடத்து உத்தரவு வரவில்லையாம். “நான் ஒண்ணு எழுதி ஒட்டட்டுமா சிஸ்டர்?” என்று கேட்டேன்.

அவர் தன் நாற்காலியில் நட்ட குச்சியாக நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். “எழுது. அப்படியே ஆசிரியர்கள் இனிமே சாஞ்சு உக்காரலாம்னும் சேத்து எழுதிடு. ஜூன் மாசத்துல இருந்து முதுகு வலிக்குது” என்றார்.

நீங்களும் சாய்ந்து உட்கார்ந்துகொள்ளுங்கள். இது மேலிட உத்தரவு.

உங்கள்,
வாலு